வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாம்

கம்பெனிக்கு ஆண்டறிக்கை எழுதுவது பெரிய வித்தை என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. கோலப்பபிள்ளையைக் கேட்டால் சிரிப்பார். ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைக்கிண்ணம், போன வருஷத்து அறிக்கை. இவ்வளவுதான் சாமான். போன வருஷத்ததை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி, விளைச்சலும் லாபமும் வருகிற இடங்களில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதி அச்சாபீசுக்கு அனுப்பிவிடுவார். மழையைப் பற்றி ஒரு வரி மாறும். டைரக்டர் யாராவது காலமாகியிருந்தால் அனுதாபம் என்று ஒரு வரி கூடும். மற்றதெல்லாம் வெள்ளைக்கார மானேஜர் காலத்திலிருந்து கை படாமல் வருகிற வாக்கியங்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் உடல்நிலை திருப்திகரமாக இருந்தது என்பது அதில் ஒன்று.

அந்த வருஷமும் அப்படியே ஒட்டினார். அச்சாகி வந்தது. பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் என்று நோட்டீசும் சேர்த்துப் பங்குதாரர் எல்லாருக்கும் தபாலில் போட்டாயிற்று. போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்த மறுநாள் மருமகன் வந்து நின்றான்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிட வேண்டும். ஸ்ரீ கோமதி டீ கம்பெனிக்குத் தோட்டம் பொன்முடி மலையில். ஆபீஸ் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில். சேர்மன் பட்டாபிராமய்யர், கோட்டைக்குள் வீடு, பேர்போன வக்கீல். கோலப்பபிள்ளை செகரட்டரி. செகரட்டரி என்றதும் என்னவோ ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். ஐயர் சொன்னதை டைப் அடிப்பார். அடித்ததன் அடியில் கையெழுத்துப் போடுவார். தம்முடைய ஒரே மகள் மங்கலத்தை அவர் தோட்டத்து ஃபாக்டரி கிளார்க் வேலாயுதனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். நாஞ்சில்நாட்டுப் பையன், தங்கமான குணம். மங்கலம் இப்போது மாசமாக இருந்தாள்.

வேலாயுதன் தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த கம்பெனி லாரியில் வந்திருந்தான். ஆபீசுக்குள் வராமல் மாடிப்படியிலேயே மாமனாரை நிறுத்திவிட்டான்.

"மாமா, லயத்துல அம்மை வார்த்திருக்கு."

லயம் என்பது கொழுந்து கிள்ளுகிற கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கோலப்பபிள்ளை படியைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியம்மையா?"

"பெரியம்மைதான். முதல்ல கீழ லயத்துல ஒரு வீடு. இப்பம் எந்த வாசல்ல பாத்தாலும் வேப்பிலை சொருகியிருக்கு. சாவும் விழ ஆரம்பிச்சாச்சு. ஆட்கள் வாயத் திறக்கல்ல. வீட்டுக்கு அம்மன் வந்திருக்கா, அதை வெளிய சொல்லப்பிடாதுங்காங்க. மானேஜர் அதையே பிடிச்சுக்கிட்டாரு. அவனுவளே சொல்லாத காரியத்த நாம எதுக்குடே சொல்லணும்னு கேக்காரு."

"மங்கலம்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல மாமா."

இல்லை என்று கேட்டும் கோலப்பபிள்ளைக்குப் பயம் தெளியவில்லை. காரணம் அவருக்கும் அவர் மனைவி பொன்னம்மைக்கும்தான் தெரியும். மங்கலம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மை குத்துகிற வாக்சினேட்டர் தெருவுக்கு வந்தார். அந்தச் சமயம் பார்த்து முத்தாரம்மன் கோவிலில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டின பிறகு பிள்ளைகள் உடம்பில் ஊசி படக்கூடாது என்று தெரு முழுக்கப் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பொன்னம்மையும் மகளை நெல் குதிருக்குப் பின்னால் உட்கார வைத்தாள். வீட்டில் பிள்ளை இல்லை என்று வாசலில் நின்று கூசாமல் சொன்னவர் கோலப்பபிள்ளைதான். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அப்புறம் எங்கே பார்த்தார்கள்! மகள் கையில் அந்த வட்டத் தழும்பு கிடையாது.

"நாளைக்கே அவள எறக்கிக் கொண்டு வா. வேற ஒண்ணும் யோசிக்காண்டாம்."

"அதைச் சொல்லத்தான் மாமா வந்தேன்."

லாரி மலைக்குத் திரும்பிப் போயிற்று. மறுநாள் வரவில்லை. அதற்கும் மறுநாள் டிரைவர் மட்டும் பஸ்ஸில் வந்தான். லாரியை மேலே விட்டுவிட்டு ராத்திரிக்குக் கல்லாற்றில் தன் வீட்டுக்கு இறங்கியவன், சங்கிலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டானாம். கல்லாற்றுக்கு மேலே தோட்டத்து ரோட்டில் சங்கிலி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்களாம். மேலேயிருந்து ஒரு குஞ்சு குளுவான் இறங்கக் கூடாதாம். கீழேயிருந்து போகிற தபால் பையை மட்டும் சங்கிலிக்கு அடியில் வைத்துவிட்டு வரலாம், காவல்காரன் எடுத்துக்கொண்டு போவான். மேலேயிருந்து ஒரு கடிதம்கூட இறங்காது.

கோலப்பபிள்ளை நேரே ஐயர் அறைக்குள் போனார். கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை.

"உட்காரும் பிள்ளை. சங்கிலி போடச் சொன்னது நான்தான்" என்றார் ஐயர். மனிதர் எதையும் மறைக்கவில்லை. "அங்கேர்ந்து ஆள் இறங்கி வந்தா டவுன்ல வியாதி பரவுமா, பரவாதா?"

"பரவும் சார்."

"அப்போ நான் பண்ணினது நல்ல காரியம்தானே?"

"நல்ல காரியம்தான் சார். ஆனா அம்மை குத்த ஆளு மேல போணுமே. சர்க்காருக்கு ஒரு வரி எழுதினா..."

"எழுதலாம். இன்னிக்கு எழுதினா நாளைக்குப் பேப்பர்ல வந்துடும். பொதுக்கூட்டத்துல புது ஷேர் வெளியிடப் போறோம். மலையில பெரியம்மைன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? கூலிக்காரா எல்லாம் மூட்டையக் கட்டிண்டு ஓடிடுவா. சித்திரை மழைக்குக் கொழுந்து நிக்கும், கிள்ள ஆளிருக்காது. கம்பெனி படுத்துடும். கம்பெனி படுத்தா அவாளுக்கு மட்டும் சோறு எங்கேர்ந்து வரும்? யோசிச்சுப் பாரும்."

"அறிக்கையில உடல்நிலை திருப்தின்னு அச்சடிச்சுப் போட்டாச்சு சார்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அது டிசம்பரோட முடிஞ்ச வருஷத்துக்கான அறிக்கை. டிசம்பர்ல அம்மை இருந்துதா? இல்லையே! அப்போ அதுல பொய் எங்கே இருக்கு? ஓரெழுத்து பொய் கிடையாது. எந்தக் கோர்ட்டுலயும் நான் நின்னு சொல்லுவேன்."

அதுதான் வயிற்றெரிச்சல். ஐயர் அயோக்கியராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறவர். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். தாம் சொல்வது சரி என்று மனதார நம்பித்தான் சொன்னார். அப்படி நம்புகிற மனிதரிடம் எந்த வாயை வைத்துப் பேசுவது?

"எனக்க மவ மேல இருக்கா சார். மாசமா இருக்கா." ஆபீஸ் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது பிள்ளைக்கு.

ஐயர் முகம் வாடியது. "தெரியும் பிள்ளை. எனக்கும் பொண்கள் இருக்கு. உம்ம பொண்ணுக்கு மட்டும் சங்கிலியத் திறந்துவிட்டா மத்தவா சும்மா இருப்பாளா? கூட்டம் முடியட்டும். முடிஞ்ச அடுத்த நிமிஷம் உமக்குக் கார் தரேன். நீரே போய் அழைச்சுண்டு வாரும்."

சரி சார் என்றார் கோலப்பபிள்ளை. அவர் வாய்க்கு அது பழகிப்போன சொல். வெளியே வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், எதற்குச் சரி சொல்லிவிட்டு வந்தோம் என்று அவருக்கு உறைத்தது.

வீட்டில் பொன்னம்மை பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, அவருக்குக் கம்பெனி பெருசு. எனக்கு எனக்க மவ பெருசில்லியா? நீங்க என்னத்துக்கு அங்க செகரட்டரின்னு கோட்டு மாட்டிட்டுப் போறியோ? பிள்ளைய எறக்க வழியில்ல, அந்தக் கோட்டத் தூக்கி அடுப்புல போடுங்கோ!"

அந்த ஏச்சில்தான் டாக்டர் தாசையன் ஞாபகம் வந்தது. சுகாதார அதிகாரி, பாறசாலைப் பக்கத்து மனிதர், சாயங்கால நடையில் பழக்கம். அவரிடம் சொன்னால் காதும் காதும் வைத்த மாதிரி வாக்சினேட்டர்களை மலைக்கு அனுப்பிவிட மாட்டாரா? அனுப்பிவிடுவார். கோலப்பபிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் ஆபீசுக்குப் போனபோது தபால் பை கட்டுகிற நேரம். கையோடு மகளுக்கு நாலு வரி எழுதிப் பையில் போட்டார். பயப்படாதே மக்களே, அப்பா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன், அம்மை குத்த ஆள் வருகிறது, அதுவரைக்கும் இருந்த இடத்தில் இரு.

ஏற்பாடு ஒன்றும் அப்போது ஆகியிருக்கவில்லை. நாளைக்கு ஆகிவிடும் என்ற நம்பிக்கைதான். அறிக்கை எழுதிப் பழகின கை அல்லவா, ஆகப்போவதை ஆனதாக எழுதுவது அதற்குப் புதிதில்லை.

டாக்டர் தாசையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளே, நானும் கேள்விப்பட்டேன். சந்தையில பேச்சு உண்டு. சங்கிலி போடுகதுக்கு முன்னாலயே உங்க மானேஜருக்கு எழுதிக் கேட்டேன். ஒரு குழப்பமும் இல்லன்னு பதில் வந்துது. நீங்க இதை எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தால் தம் வேலையும் போகும், மருமகன் வேலையும் போகும். போனால் போகட்டும். "தாரேன்" என்றார்.

"கம்பெனி செகரட்டரின்னு கையெழுத்துப் போட்டா?"

"அது... சேர்மன் சொல்லாம அப்படிப் போட எனக்கு அதிகாரம் இல்ல டாக்டரே. மங்கலத்துக்க அப்பன்னு போட்டுத் தாரேன்."

டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். கோமதி டீ கம்பெனியின் ஆண்டறிக்கை. "எனக்க பெண்டாட்டி ரோசுக்கு அவ அப்பன் உங்க கம்பெனி ஷேர் கொஞ்சம் கொடுத்திருக்காரு. போன வாரம் தபால்ல வந்துது. இந்தா, இதுல என்ன போட்டிருக்கு? தொழிலாளர் உடல்நிலை திருப்திகரம். அடியில யாரு பேரு? சேர்மன் உத்தரவுப்படி, கோலப்பபிள்ளை, செகரட்டரி. செகரட்டரி கோலப்பபிள்ளை திருப்தின்னு அச்சடிச்சுத் தாராரு. அப்பன் கோலப்பபிள்ளை அம்மைன்னு பென்சில்ல எழுதித் தாராரு. எனக்க மேலதிகாரிக்கு நான் எதக் காட்டட்டும்?"

"அது டிசம்பரோட முடிஞ்ச வருஷத்துக்குள்ளது டாக்டரே." ஐயர் சொன்னதையே தம் வாயும் சொல்வதைக் கேட்டுப் பிள்ளைக்கு நாக்கு கசந்தது.

"எனக்கு விளங்கும். ஆபீசுக்கு விளங்காதே! அது தனியார் தோட்டம், சங்கிலி போட்டிருக்கு. கடலாசு இல்லாம நான் போலீசக் கூட்டிட்டுக் கேற முடியாது. உங்க சேர்மன் ஒரே ஒரு வரி எழுதித் தரட்டு. அந்த நிமிஷமே ஆளோட கேறுகேன், சத்தியம்."

டாக்டரும் நல்லவர்தான். அந்த ஊரில் அன்றைக்கு எல்லாருமே நல்லவர்கள்.

அந்த ஒரு வரிக்காகக் கோலப்பபிள்ளை எத்தனை தடவை ஐயர் அறை வாசலில் போய் நின்றார் என்று சொல்லி முடியாது. முதலில் ஐயர் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் சலித்துக்கொண்டார். அப்புறம் இவர் நிழல் தெரிந்தாலே டெலிபோனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும் என்று பிள்ளை தினமும் நினைத்தார். ஆள் வராது என்று எழுதவா? மாசமாக இருக்கிற பெண்ணுக்கு அதை எழுதுவானா ஒருவன்? தபால் பை ஒவ்வொரு நாளும் அவர் கையால்தான் கட்டிப் போயிற்று. அவர் அதில் ஒன்றும் போடவில்லை.

கல்லாற்றில் டீக்கடை வைத்திருப்பவன் யாராவது சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வந்தால் ஓடிப்போய்க் கேட்பார். மேலே புகை தெரிகிறது என்பான் அவன். எதன் புகை என்று இவர் கேட்கமாட்டார்.

இப்படியே பங்குனி நகர்ந்து அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குள் கோலப்பபிள்ளை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பொதுக்கூட்டத்தில் அறிக்கையை எழுந்து நின்று வாசிப்பது செகரட்டரியின் வேலை. வருஷா வருஷம் அவர்தான் வாசிக்கிறார்; வருஷா வருஷம் ஒருவரும் கேட்பதில்லை. இந்த வருஷம் கேட்பார்கள். உடல்நிலை என்ற இடம் வந்ததும் நிறுத்துவார். இது டிசம்பர் வரைக்கும், இப்போது மலையில் பெரியம்மை, ஆட்கள் சாகிறார்கள், அம்மை குத்த ஆள் போக வேண்டும் என்று உரக்கச் சொல்லிவிடுவார். இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு ஐயர் அந்த ஒரு வரியை எழுதித்தானே ஆக வேண்டும்? வேலை போகட்டும். மயிரே போச்சு. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தப் பேச்சை அவர் உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விட்றாதீங்கோ" என்றாள் பொன்னம்மை, கோட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. அவள் முத்தாரம்மனுக்கு முடிந்து வைத்த காணிக்கை இடுப்பில் இருந்தது. "சொல்லுங்கோ. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிடுகேன்."

மாடியில் நாற்காலி போட்டு நிறைந்துவிட்டது. சாலை வியாபாரிகள், பென்ஷன் வாங்கின உத்தியோகஸ்தர்கள், கோட்டைக்குள்ளிருந்து வந்த அங்கவஸ்திரங்கள், நாகர்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய நிலக்காரர்கள். பின்னால் உளுந்துவடை வாசனை அடித்தது. பாதிப் பேருக்குக் கண் அங்கேதான். முன்வரிசையில் அரிசி மொத்த வியாபாரி திரவியம்பிள்ளை. சுசீந்திரத்தில் கோலப்பபிள்ளையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர், உயிர்ச் சிநேகிதர். சிநேகிதரிடமும் கோலப்பபிள்ளை மூச்சு விடவில்லை. திரவியம் காதில் போட்டால் சாலை முழுக்கப் போட்டது மாதிரி.

ஐயர் நாலு வார்த்தை வரவேற்றுவிட்டுத் திரும்பினார். "செகரட்டரி அறிக்கையை வாசிப்பார்."

கோலப்பபிள்ளை எழுந்தார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் வழிந்தது. முதல் வரியை வாசித்தார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இருமினார். மறுபடியும் முதல் வரியையே வாசித்தார். ஒரு கையால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை, இன்னும் ஒரு பக்கம்தான், அந்த இடம் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போது திரவியம்பிள்ளை எழுந்தார்.

"சேர்மன் அவர்களே, நம்ம பிள்ளைக்கு உடம்பு சுகமில்லன்னு பாத்தாலே தெரியுது. நிக்கப் படாதபாடு படுகாரு. அறிக்கை எல்லாருக்கும் தபால்ல வந்தாச்சு, வீட்டுல வச்சுப் படிச்சாச்சு. மறுபடி என்னத்துக்கு அவரைப் போட்டு வதைக்கணும்? வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாம்னு நான் பிரேரேபிக்கேன்."

"ஆமோதிக்கிறேன்" என்றது வடை வாசனைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் ஐயர். ஆட்சேபணை இல்லை. ஆதரித்துக் கைகள் எழும்பின. "ஏகமனதாக நிறைவேறியது. அறிக்கை வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. உட்காரும் பிள்ளை."

கோலப்பபிள்ளை உட்காரவில்லை. "சார், ஒரு விஷயம்... மலையில..."

ஐயர் குரலை உயர்த்தவே இல்லை. "பிள்ளை, நீர் பங்குதாரர் கிடையாது. கூட்டத்துல பங்குதாரர்தான் பேசலாம், அது சட்டம். என்னவானாலும் கூட்டம் முடிஞ்சு எங்கிட்ட சொல்லும்." பிறகு சபையைப் பார்த்து, "நல்ல ஜுரம் போலிருக்கு பாவம்" என்றார். யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்தார்கள். யாரோ தோளைப் பிடித்து அன்பாக அழுத்தினார்கள். அந்த அழுத்தத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே கத்தியிருக்கலாம். தம்ளரை வீசி அடித்திருக்கலாம். எந்தச் சட்டம் அவர் வாயைப் பொத்த முடியும்? இதெல்லாம் பிற்பாடு ஆயிரம் தடவை அவருக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் தண்ணீரைக் குடித்தார். கணக்கு நிறைவேறியது, டைரக்டர்கள் மறுபடியும் தேர்வானார்கள், புது ஷேருக்குக் கைதட்டினார்கள். வடை வந்தது.

திரவியம்பிள்ளை ஒரு கையில் வடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வே, நல்ல நேரத்துல உம்மக் காப்பாத்தினேன் பாத்தேரா? இல்லேன்னா நீரு அங்கேயே விழுந்திருப்பேரு. போய்க் கஷாயம் வச்சுக் குடிச்சுட்டுப் படும்."

கோலப்பபிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் சொன்ன சொல் தவறவில்லை. கூட்டம் கலைந்ததும் சங்கிலியைத் திறக்கச் சொல்லி மானேஜருக்கு ஒரு சீட்டு எழுதிப் பிள்ளை கையில் கொடுத்தார். தம் சொந்தக் காரையும் கொடுத்தார்.

"சர்க்காருக்கு எழுத வேண்டியது சார்?"

"நாளைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் வேலையா எழுதிடலாம். நீர் இப்போ பொண்ணைப் பாரும்."

நெடுமங்காடு தாண்டி, விதுரை தாண்டி, கல்லாற்றில் கார் நின்றது. டிரைவர் அதற்கு மேலே வரமாட்டேன் என்றுவிட்டான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. காவல்காரன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கீழே போட்டான். கோலப்பபிள்ளை கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். சாயங்கால வெயில் தேயிலைச் செடிகள் மேல் படுத்திருந்தது. ஒரு செடியிலும் ஆள் இல்லை.

ஒரு வளைவில் வேலாயுதன் எதிரே வந்தான். தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தான். மாமனாரைக் கண்டதும் நின்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"மங்கலம்?" என்றார் பிள்ளை.

"நாலஞ்சு நாளா காய்ச்சல் மாமா. இன்னைக்குக் காலையில முத்து போட்டாச்சு."

பிள்ளை ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தார். வேலாயுதன் பக்கத்தில் வரவில்லை. தள்ளி நின்றே பேசினான். குற்றம் சொல்லுகிற குரலே அது இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"காட்டு வழி ஒண்ணு உண்டு மாமா. கங்காணி கண்டு வச்சிருந்தான். அம்மை வாராத வீட்டு ஆட்களெல்லாம் அதுவழியா எறங்கிரலாம்னு மூட்டை கட்டியாச்சு. நானும் மங்கலத்தக் கூட்டிட்டு எறங்க இருந்தேன். அன்னைக்குத்தான் உங்க கடுதாசி வந்துது. அவ சந்தோசத்துல நிக்கல்ல. லயத்துல வாசல் வாசலா போயிச் சொல்லிட்டா. எங்க அப்பா கம்பெனி செகரட்டரி, அவங்க எழுதினா எழுதினதுதான், குத்த ஆள் வருது, ஒருத்தரும் போகாதீங்கன்னு. நான் தடுத்தேன் மாமா, கேக்கல்ல. எல்லாரும் மூட்டைய அவுத்துட்டாங்க. கங்காணியும் நின்னுட்டான். கங்காணி போன புதன்கிழமை அம்மையில போயிட்டான்."

வாசல் வாசலாகப் போனாள். அம்மை இருக்கிற வாசல், இல்லாத வாசல், எல்லா வாசலுக்கும் அவர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கோலப்பபிள்ளை தம் தலையில் தாமே அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து நடந்தார்.

வேலாயுதன் வீடு மேல லயத்தை ஒட்டி. நிலையில் வேப்பிலைக் கொத்து. கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே இருட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவரை உள்ளேயிருந்து வந்த குரல் நிறுத்தியது. கரகரத்துப் போயிருந்தாலும் மகள் குரல்தான்.

"அப்பாவா? உள்ள வராதீங்கோ அப்பா. ஊர்லேர்ந்து வந்த கால், நேரா வரப்பிடாது."

"மக்களே..."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அம்மாட்ட அழாண்டாம்னு சொல்லுங்கோ. நீங்க வருவியோன்னு எனக்குத் தெரியும். இவங்க எல்லாம் நம்பல்ல. தெனமும் கேட்டுக் கேட்டுக் கொன்னுட்டாங்க." மூச்சு வாங்கிற்று அவளுக்கு. பிறகு, "குத்த ஆளு கூட வந்திருக்காங்களாப்பா?" என்றாள்.

கோலப்பபிள்ளை திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் வேலாயுதன் நின்றான். அவனுக்குப் பின்னால் ரோடு வளைந்து இறங்கிக் காலியாகக் கிடந்தது.

"அப்பா?"

"வருகாங்க மக்களே" என்றார் அவர். "பின்னால வருகாங்க."

"எக்கா!" என்று மங்கலம் உள்ளேயிருந்து உள்ள தெம்பையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டாள். "எக்கா, வாராங்களாம்! அப்பா கூட்டிட்டு வந்துட்டாங்க!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அதை வாங்கி அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லிற்று. பேச்சு லயத்தின் கோடி வரைக்கும் போயிற்று. அம்மை வாராதவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையின் சட்டையைக் கழற்றித் தோளைத் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் ரோட்டின் வளைவைப் பார்த்து நின்றார்கள். அவர்களோடு கோலப்பபிள்ளையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.